ஒரு செங்கல்லின் எடை

கட்டட வேலையில் பெண்ணுக்குப் பெயர் சித்தாள். செங்கல்லும் மணலும் ஜல்லியும் அவள் தலையில்தான் மாடியேறுகின்றன. ஆனால் கொத்துக்கரண்டியோ மிஷினோ அவள் கைக்கு வருவதில்லை. கேட்டால், "வெயிட்டு தாங்கமாட்டீங்க" என்பார்கள். கான்கிரீட்டில் துளையிடும் சிறிய ரோட்டரி ஹேமரின் எடை இரண்டு, மூன்று கிலோ. ஏறக்குறைய ஒரு செங்கல்.

என் பழைய மாணவி ஒருத்தி வயரிங் வேலை எடுத்துச் செய்கிறாள். அவளோடு ஹேமர் வாங்கப் போயிருந்தேன். "ஓட்டுற ஆள் வரலையாம்மா?" என்றார் கடைக்காரர். "நான்தாண்ணே" என்றவள், மேற்கொண்டு விளக்கம் எதுவும் சொல்லாமல் தன் கேள்விகளைத் தொடங்கினாள்.

கிளாம்பு அடிக்க அவளுக்குப் பெரும்பாலும் 6, 8 மி.மீ. துளைகள் போதும். அதனால் 10 மி.மீ. தண்டுள்ள எஸ்.டி.எஸ். பிளஸ் பிட் பொருந்தும் மிஷின். 18 மி.மீ. தண்டுள்ள எஸ்.டி.எஸ். மேக்ஸ், பெரிய துளைக்கும் உடைப்பு வேலைக்கும் உரியது. பிட் கம்பியில் சிக்கினால் மணிக்கட்டைத் திருகாமல் நழுவிக்கொடுக்கும் கிளட்ச் வேண்டும். பக்கக் கைப்பிடி வேண்டும். அதிர்வு எவ்வளவு என்றும் கேட்டாள். ஆண்டுக்கணக்கில் அதிர்வைத் தாங்கிய விரல்கள் மரத்து வெளுத்துப்போகும். "ஆம்பளைக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்ற பேச்சு ஆண்களின் விரல்களையும்தான் தின்கிறது.

இந்த மிஷினில் அடிப்பது தோள் அல்ல, காற்று. மோட்டார் பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்ட, உள்ளே அடைபட்ட காற்று அழுந்தி விரிந்து பிட்டின் மேல் அடியை இறக்குகிறது. பிட் சுவரை விட்டு விலகாத அளவுக்கு அழுத்தினால் போதும். முரட்டுத்தனமாக அழுத்துவதால் துளை சீக்கிரம் விழாது.

மற்றதெல்லாம் கவனிப்பு. பிட்டைத் துடைத்து, தண்டில் துளி கிரீஸ் தடவிப் பொருத்துகிறாள். தூசி மறைக்கும் ரப்பர் மூடி கிழிந்தால் மாற்றிவிடுகிறாள். மாலையில் காற்றுத் துவாரங்களைச் சுத்தம் செய்கிறாள். கார்பன் தேய்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறாள். கான்கிரீட் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை.

இதில் எதற்கும் ஆண் உடம்பு தேவையில்லை. தேவைப்படுவது பழக்கம், பழக ஒரு மிஷின், பழக்கிவிட ஓர் ஆள். இவற்றைத் தராமல் வைத்துக்கொண்டுதான் எடையைக் காரணம் சொல்கிறார்கள். அதே எடை தலையில் இருந்தால் சித்தாள் கூலி. கையில் இருந்தால் தொழில் தெரிந்தவர் கூலி.