மேசையில் ஓடியது, கடலில் ஓடவில்லை

நண்பனின் ஃபைபர் போட்டில் தண்ணீர் ஏறினால் தானே இறைக்கும் பம்ப் ஒன்றை ஆர்டுயினோ பலகை வைத்துச் செய்து கொடுத்திருந்தேன். மேசையில் இரண்டு நாள் பிசகாமல் ஓடியது. கொட்டியாரக் குடாவில் முதல் இரவே மானத்தை வாங்கிவிட்டது. பம்ப் ஒருதரம் உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். நிரலில் பிழை என்று வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்த என்னைத் திருகோணமலைச் சந்தைப் பக்கம் ஒரு றேடியோ திருத்தும் கடைக்கு இழுத்துப்போனான்.

கடைக்கார அண்ணைக்கு அறுபது வயதிருக்கும். சம்பூர்க்காரர். 2006இல் போரில் இடம்பெயர்ந்தபோது அவர் தூக்கிக்கொண்டு ஓடியதில் மிஞ்சியது, கண்ணாடி வெடித்து ரேப் சுற்றிய ஒரு ஊசி மீற்றர். ஏறக்குறைய பத்து வருட முகாம் வாழ்க்கையில் அடுப்பெரிந்தது அதனால்தான் என்றார்.

"டிஜிற்றல் இலக்கம் மாறி முடியிறதுக்குள்ள ஊசி சொல்லிப்போடும் தம்பி."

பலகையின் 5 வோல்ற் காலில் மீற்றரை வைத்தார். பம்பைப் போட்டதும் ஊசி சரிந்து எழுந்தது. மோட்டர் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். நான் போட்டிருந்ததோ பம்புக்கும் பலகைக்கும் பொதுவாக ஒரு மெல்லிய வயர். வோல்ற் விழுந்ததும் சிப் முதலிலிருந்து தொடங்கி, தண்ணீரைக் கண்டு, மறுபடி பம்பைப் போடும். என் நிரல் பாவம், சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

பம்புக்குப் பற்றரியிலிருந்து தடித்த வயர், பலகைக்குத் தனி வயர், மோட்டருக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோட், சிப்பின் காலடியில் 0.1 மைக்ரோஃபரட் கொண்டென்சர். கணக்கையும் எழுதிக் காட்டினார். எனக்கு ஏறவில்லை.

தண்ணீரை அறிய நான் விட்டிருந்த இரண்டு செம்புக் கம்பிகளைத் தூக்கிப் பார்த்தார். நுனி பச்சை பூத்து ஊசியாகத் தேய்ந்திருந்தது. எந்நேரமும் மின்சாரம் விட்டால் உப்புத்தண்ணீர் செம்பைத் தின்னாமல் என்ன செய்யும்? மிதவைச் சுவிட்ச் ஒன்றை மாட்டினார். சிப்புக்குள்ளேயே இழுதடை (புல்-அப்) இருப்பதால் வெளியே வேறு போடத் தேவையில்லை. அது மட்டும் நான் சொல்லி அவர் கேட்டுக்கொண்டது.

"பம்ப் ஓடுற பத்து செக்கனும் உது என்ன செய்யும்?"

"காத்திருக்கும் அண்ணை."

"நித்திரையோ?"

அன்றிரவே நிரலைக் காத்திருக்க வைக்கும் 'டிலே'யை எடுத்துவிட்டு, நேரத்தை மட்டும் பார்க்கும் 'மில்லிஸ்' போட்டு எழுதினேன்.

மின்னணுச் சாமான் விற்கும் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து இங்கே வருவதற்குள் ஒரு சிப் எத்தனை கை மாறுகிறது! ஒவ்வொரு கையும் விலையை ஏற்றும். 'ஒரிஜினல்' என்று சத்தியம் பண்ணி எனக்கு விற்றதே போலி. அந்த விலைக்கு வாய்திறக்காத நாங்கள்தான் அண்ணையின் கைக்கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்போம். நானும் ஒருதரம் கேட்டேன். நண்பன் காலை மிதித்தான்.

இந்த ஆர்டுயினோ பலகை 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் மாணவர்களுக்காகப் பிறந்தது. கடலுக்குத் தூரமான ஊர். இங்கோ உப்புக்காற்று. குத்துப்பலகையில் (பிரெட்போர்ட்) செருகியிருந்ததையெல்லாம் பிடுங்கி ஈயம் வைத்து ஒட்டிய அண்ணை, அந்தக் காற்றுப் படாமல் மேலே பூச, பக்கத்துக் கடையில் நகப்பூச்சு வாங்கிவரச் சொன்னார்.

"சொக்கற்றுக்குள்ள மட்டும் படாமப் பூசுங்கோ."

சிவப்புத்தான் இருந்தது.