உறைந்த கால்வாயில் ஒரு குடும்பப் பொழுது

கனடாவின் தலைநகரமாகிய ஒட்டாவாவின் நடுவே செல்லும் றிடோ கால்வாய், 1826ஆம் ஆண்டு தொடங்கி 1832இல் வெட்டி முடிக்கப்பட்டது. கிங்ஸ்ரன் நகர்வரை 202 கிலோமீற்றர் நீளமுடைய இக்கால்வாய், போர் மூண்டால் படைகளையும் பண்டங்களையும் பத்திரமாகக் கொண்டு செல்லும் பொருட்டு அமைந்தது. இன்றோ, குளிர்காலத்தில் அதன் 7.8 கிலோமீற்றர் பகுதி உறைந்து, ஊர் முழுவதும் சறுக்கி விளையாடும் பெருவீதியாகி விடுகின்றது. 1971 முதல் இவ்வழக்கம் உண்டு. நுழைவுக் கட்டணம் எதுவுமில்லை.

பெப்ரவரி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை ஒன்ராறியோ மாகாணத்தில் 'குடும்ப தினம்' என்னும் விடுமுறை நாளாகும். அன்று இங்கே கூடும் குடும்பங்களை நோக்கினால், கைக்குழந்தை முதற்கொண்டு மீசை அரும்பும் வாலிபன் ஈறாக எல்லா வயதினரும் ஒரே கூட்டத்தில் இருப்பர். எல்லோரையும் ஒருங்கே மகிழ்விப்பது எங்ஙனம்? மூத்தவனுக்கு வேகம் வேண்டும். இளையவளுக்கு மடி வேண்டும்.

இதற்கு அவ்வூரார் கண்ட உபாயம் சறுக்குவண்டி. சின்னஞ்சிறார் அதில் அமர, பெரிய பிள்ளைகள் சறுக்குச் சப்பாத்து அணிந்து இழுத்துச் செல்வர். இழுப்பவனுக்குப் பெருமை, இருப்பவளுக்குச் சவாரி. ஆனால் இவ்விடத்திலேதான் பெற்றோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில் இழுப்பவன் உடல் சூடேறி வியர்க்கின்றான். வண்டியிலிருக்கும் குழந்தையோ அசைவின்றி விறைக்கின்றது. சிறிய உடல் வெப்பத்தை விரைவாக இழக்கும். குழந்தை அழாமல் இருக்கின்றதே என்று நாம் மகிழ்ந்து நிற்பது பேதைமை. அடிக்கடி நிறுத்தி, விரல்களையும் கன்னங்களையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். தோல் வெளிறி உணர்ச்சியற்றிருப்பின் தேய்த்தலாகாது; உடனே கணப்புள்ள கூடத்துக்குக் கொண்டு சென்று, உடற்சூட்டினால் மெல்ல வெதுவெதுப்பாக்கி, உணர்ச்சி மீளாவிடின் வைத்தியரை நாடுதல் வேண்டும். விரல்கள் தனித்தனியே பிரிந்த கையுறையிலும், நான்கு விரலும் ஒன்றாக அடங்கும் கையுறையே குழந்தைக்கு உகந்தது.

சறுக்கிக் களைத்தவர்கள் டௌஸ் ஏரியை அடுத்துள்ள பூங்காவில் இறங்கலாம். வைகாசியில் ரியூலிப் மலர்கள் பூத்துக் குலுங்கும் இடம் அது. இப்போது வெண்பனி போர்த்திருக்கும். அங்கே பனியாலே பொம்மை செய்வோம் என்று எண்ணிச் செல்லும் சிறுவருக்கு ஏமாற்றம் நேர்வதுண்டு. கடுங்குளிரில் பனி மாவைப் போல் உதிர்ந்துவிடும். உருண்டை பிடிக்க வேண்டுமாயின் பூச்சியத்தை ஒட்டிய, ஈரமான பனி வேண்டும்.

உதிரும் பனிக்கு ஏற்றது 'நரியும் வாத்தும்' என்னும் ஆட்டம். பனியை மிதித்து வண்டிச் சக்கரம்போல ஒரு பெரிய வட்டமும் ஆரைகளும் வகுப்பர். வகுத்த தடத்தை விட்டு எவரும் விலகலாகாது. நரியாக நிற்பவன் மற்றோரைத் துரத்துவான். நடுவிடம் வாத்துகளுக்கு அடைக்கலம். நம்மூர்க் கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கோடு கிழித்தல் பெரிய பிள்ளைகளின் வேலை. மிகச் சிறியோரை நடுவில் நிற்க விட்டால் அவர்களும் ஆட்டத்திலே சேர்ந்தவராவர். குழந்தைகளைத் தனியே ஓரிடத்தில் வைத்து வேடிக்கை காட்டுவதிலும் இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

இனி, தின்பண்டம். சுமார் 40 லீற்றர் மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி கிடைக்கும். அப்பாணியை மேலும் காய்ச்சித் தூய பனியின்மீது ஊற்ற, அது கணத்தில் இறுகும். குச்சியில் சுற்றித் தின்பர். பனங்கட்டி தின்று வளர்ந்த நாவுக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. கொதிக்கும் பாணியாதலால் ஊற்றும்போது சிறுவர் கைகளைப் பெரியோர் பற்றிக்கொள்ளல் நன்று.

ரொறன்ரோவிலிருந்து செல்வோர் மோட்டார் வண்டியில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிரயாணஞ் செய்தல் வேண்டும். புறப்படுமுன் கால்வாய் திறந்திருக்கின்றதா என விசாரித்தல் அவசியம். பனிக்கட்டி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தடிப்புற்றாலன்றி மக்களை அனுமதியார். 2022–23ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் போதிய குளிரின்மையால் ஒரு நாளேனும் அது திறக்கப்படவில்லை. திறந்திருக்கும் நாட்களிலும் சிவப்புக் கொடி பறக்கும் பகுதியில் இறங்கலாகாது. பெப்ரவரி முற்பகுதியில் மாலை ஐந்தேகாலளவில் சூரியன் மறைந்து குளிர் மிகுமாதலால், சிறுவருடன் செல்வோர் காலையிலேயே சென்று பிற்பகலில் திரும்பி விடலாம்.