ஏழாவது முட்டை

தை மாத அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர் வயல்களுக்கு வாத்துகள் வந்துவிடும். காவிரிப் படுகையின் அரிதாள்களுக்கிடையே சிந்திக்கிடக்கும் நெல்லையும் நத்தைகளையும் மேய்வதற்காக, வாத்து மேய்ப்போர் அவற்றை ஊர் ஊராக ஓட்டி வருவர். எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, அவர்களிடம் ஏழு முட்டைகளை வாங்கி, அடைக்குப் படுத்திருந்த எங்கள் கோழியின் வயிற்றடியில் வைத்தார் அப்பாயி.

கோழிமுட்டை பொரிக்க 21 நாள். வாத்துமுட்டைக்கு 28 நாள். நாள்கணக்கு அறியாத அந்தக் கோழி, கூடுதலான ஏழு நாளும் இடம்விட்டு அகலாமல் அமர்ந்திருந்தது. அது இரைதேட இறங்கும்போதெல்லாம், அப்பாயி முட்டைகளின்மேல் வெதுவெதுப்பான நீரைச் சிறிது தெளிப்பார். "தாய்வாத்தா இருந்தா நனைஞ்ச இறகோட வந்து உக்காரும். கோழிக்கு அது தெரியாதுல்ல" என்பார்.

இருபத்தெட்டாம் நாள் நண்பகலுக்குள் ஆறு குஞ்சுகள் வெளிவந்துவிட்டன. ஏழாவது முட்டையில் மட்டும் மிளகளவு துளை. அதன்வழியே அலகின் நுனி தெரிந்தது. மெல்லிய குரலும் கேட்டது. மாலைவரை அந்தத் துளை பெரிதாகவேயில்லை. குஞ்சு உள்ளே மூச்சுத் திணறிச் செத்துவிடும் என்று நான் அஞ்சினேன். அப்பாயி கொல்லைக்குச் சென்ற நேரத்தில், முட்டையை எடுத்து நகத்தால் ஓட்டை உரிக்கத் தொடங்கினேன். இரண்டாவது சில்லு பெயர்ந்ததும், வெண்ணிறச் சவ்வின்மேல் நூல்போலக் குருதி கசிந்தது.

திரும்பி வந்த அப்பாயி என்னைத் திட்டவில்லை. முட்டையை வாங்கி, உரிந்த இடத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைப் போர்த்திக் கோழியின் அடியில் வைத்தார். "அதுக்குத் தெரியும் தம்பி, எப்ப வரணும்னு" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதன் உண்மையைப் பின்னாளில் படித்தறிந்தேன். ஓட்டில் துளையிட்ட குஞ்சு பல மணிநேரம் அசைவற்றிருப்பது சோர்வினால் மட்டுமன்று. அந்நேரத்தில்தான் சவ்வில் ஓடும் குருதி அதன் உடலுக்குள் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தயக்கமாகத் தோன்றுவது உள்ளே பெரும் உழைப்பு. அந்த உழைப்பின் நடுவில்தான் நான் கைவைத்திருந்தேன்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. விடியற்காலையில் குஞ்சு வெளிவந்தது. நிற்க இயலாமல் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. கோழியோ மற்ற ஆறையும் அழைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டது. பழந்துணி விரித்த கூடையில் குஞ்சை இட்டு, அருகில் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தோம். உடனே ஏதேனும் ஊட்ட வேண்டும் என்று நான் பரபரத்தேன். "வயித்துல இன்னும் கரு இருக்கு, ஒருநாள் தாங்கும்" என்று அப்பாயி தடுத்தார். மறுநாள் வேகவைத்த நொய்யை மசித்துக் கொடுத்தோம். கொட்டாங்கச்சியில் கூழாங்கற்களைப் பரப்பி நீர் ஊற்றினோம். அலகு முழுதும் நனைய நீர் வேண்டும். ஆனால், குஞ்சு அதில் விழுந்து மூழ்கிவிடக் கூடாது.

நான்காம் நாள் அது எழுந்து நின்றது. மகிழ்ச்சி தாளாமல், வாத்துதானே என்று அதனைத் தண்ணீர்த் தொட்டியில் விட எடுத்துச் சென்றேன். இம்முறை அப்பாயி விரைந்து வந்து தடுத்துவிட்டார். தாயின் இறகிலுள்ள எண்ணெய்ப்பசை தன்மேல் படாத இளங்குஞ்சு, நீரில் நனைந்து குளிரால் விறைத்துவிடும் என்பதை அன்று அறிந்தேன். என் அன்பு அதனை இரண்டாம் முறையும் கொல்லப் பார்த்தது.

பத்து நாள்களில் அது என் காலடியையே சுற்றித் திரிந்தது. பொரித்தவுடன் காணும் அசையும் உருவைத் தாயெனப் பற்றிக்கொள்வது வாத்துக்குஞ்சின் இயல்பு. 1973ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொன்ராடு லோரன்சு இவ்வியல்பை விரிவாக ஆராய்ந்தவர். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. பெருமை மட்டுமே இருந்தது. ஆனால் அப்பாயி, "உன் பின்னாடியே வந்தா அது வாத்தா வளராது" என்று சொல்லி, உடன்பிறந்த குஞ்சுகளிடையே அதனை விடச் சொன்னார். விட்டுவிட்டு வைக்கோற்போரின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அது கத்திக்கொண்டே என்னைத் தேடியது. ஓடிச்சென்று தூக்கிக்கொள்ள என் கைகள் துடித்தன. நெடுநேரத்திற்குப் பின் அக்குரல் மற்ற குரல்களோடு கலந்துவிட்டது.

அது வளர்ந்தது, முட்டையும் இட்டது. ஆனால், கடைசிவரை ஒரு காலைச் சற்றுச் சாய்த்தே நடந்தது. பிறவியிலேயே அப்படியா, என் நகம் செய்த வினையா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கிறேன். வினாவொன்றைக் கேட்டதும் சில மாணவர் எழுந்து, விடையின் முதற்சொல்லோடு நின்றுவிடுவர். மீதியைச் சொல்லிவிட என் நாக்கு துடிக்கும். அப்போதெல்லாம் வெண்சவ்வின்மேல் கசிந்த அந்தக் குருதிக்கோடு நினைவுக்கு வரும். நான் காத்திருப்பேன்.