அம்மாவுக்குக் கேட்கவில்லை

நம் விடுதியின் பழைய சுவர்கள் வெயிலைத் தடுக்கின்றன. கைப்பேசிக் கோபுரத்தின் அலைகளையும் தடுத்துவிடுகின்றன. ஆகவே ஊரோடு பேச நமக்கு வைஃபையே துணை. எங்கள் தளத்து நீண்ட தாழ்வாரத்தில் மூன்று வைஃபை பெட்டிகள் உண்டு. இயற்பியல் படிக்கிறவன் என்ற ஒரே காரணத்தால், அவற்றை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பெருமையோடு ஏற்றேன். மூன்றின் ஒலிபரப்பு வலிமையையும் உச்சத்தில் வைத்தேன். மூன்றுக்கும் 6ஆம் அலைவரிசையையே கொடுத்தேன். தாழ்வாரக் கோடியிலுள்ள என் அறையிலும் கைப்பேசி முழுக் கோடுகளைக் காட்டியது. வென்றுவிட்டேன் என்று எண்ணினேன்.

பொங்கலுக்கு வர இயலாது என்று அம்மாவிடம் கடுமையாகச் சொல்லியிருந்த வாரம் அது. மறுநாள் இரவு அவர்களே அழைத்தார்கள். "சாப்பிட்டியா, கண்ணு?" குரல் தெளிவாகக் கேட்டது. பதில் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். "கண்ணு... கண்ணு..." என்று இருமுறை அழைத்தவர்கள், "இன்னும் கோவம் தீரலையாட்ட இருக்குது" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பிழை எங்கே? முழுக் கோடுகள் காட்டுவது, பெட்டியின் குரல் நம்மை எட்டும் அளவை மட்டுமே. கைப்பேசியின் குரலோ சிறியது. பெட்டி உரக்கப் பேசுவதால் அதன் செவி கூர்மையாகிவிடுமா? மேலும், ஒரே அலைவரிசையில் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். ஒன்றையொன்று கேளாத தொலைவில் இருப்பவை ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். அந்த இரைச்சலில் என் மன்னிப்பு மூழ்கிப்போயிற்று.

காலையில் மீண்டும் அமர்ந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அடுத்தடுத்த அலைவரிசைகளின் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்; ஒவ்வொன்றும் கொள்ளும் அகலமோ சுமார் 20. ஆதலால் 1, 6, 11 என்னும் மூன்றும் ஒன்றோடொன்று உரசாதவை. பெட்டிக்கு ஒன்றாக அவற்றைப் பகிர்ந்தேன். வலிமையைக் குறைத்தேன். நடந்து செல்பவரின் கைப்பேசி அருகிலுள்ள பெட்டிக்கு மாறிக்கொள்ளும்படி, மூன்றுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைத்தேன். சில அறைகளில் ஒரு கோடு குறைந்தது. நண்பர் சிலர் கடிந்துகொண்டனர். ஆயினும் பேச்சு அறுபடவில்லை.

இரவு நானே அழைத்தேன். "கேக்குதாம்மா?"

"கேக்குது கண்ணு, சொல்லு."

முதல் நாள் சொன்னதையே மீண்டும் சொன்னேன். இம்முறை சென்று சேர்ந்தது.

நண்பர்களே, உரக்கப் பேசுவது எளிது. பேசியது மறுமுனையை எட்டியதா என்று கேட்டறிவதே அமைப்பவனின் கடமை. மகனின் கடமையும் அதுவே அன்றோ!