ஏழாவது ஸ்டிக்கர்

பில்லில் ஏழு காயில். கேஸ் ஷீட்டில் ஆறு ஸ்டிக்கர். இந்த வித்தியாசம் என் கண்ணில் பட மூன்று மாதமாயிற்று.

வழக்கறிஞரான என்னிடம் 2017இல் வந்த வழக்கு. ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், மனைவியின் மருத்துவக் காகிதங்களை ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அந்த அம்மா ரவிக்கை தைப்பவர். மூளை ரத்தக்குழாயில் அனியூரிசம் என்னும் வீக்கம். தொடை வழியாக நுண்குழாய் செலுத்தி, பிளாட்டினம் காயில்களால் அதை நிரப்பிவிடலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். நடந்து உள்ளே போனவருக்கு வலக்கையும் பேச்சும் போயின. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எதிர்பாராத பக்கவாதம்' என்று ஒரே வரி.

சாட்சிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு மருத்துவர் எனக்கு மாலை முழுக்கப் பாடம் நடத்தினார். காயில் என்பது முடியைவிட மெல்லிய கம்பியை ஸ்பிரிங்காகச் சுற்றியது. உள்ளே இருக்கும் சுருள்களில் அது சிக்கியிருக்கும்போது வெளியே இழுத்தால் சுற்றுப் பிரிந்து நூலாக நீண்டுவிடும். பிறகு தள்ளவும் முடியாது, எடுக்கவும் முடியாது. நல்ல ரத்தக்குழாயில் நீளும் அந்தக் கம்பியில் ரத்தம் உறையும். ஆஞ்சியோ படத்தை ஓட்டிக் காட்டினார். வீக்கத்திலிருந்து கீழே ஒரு மெல்லிய கோடு.

உடலில் வைக்கும் ஒவ்வொரு கருவியின் பெட்டியிலும் லாட் எண்ணுள்ள ஸ்டிக்கர் இருக்கும். ஏழாவது ஸ்டிக்கர் ஒட்டப்படவேயில்லை. எண் இல்லாமல், அதே லாட்டில் வேறு காயில் பழுதானதா என்று யாரைக் கேட்பது?

வழக்கில், சிகிச்சை செய்த மருத்துவர் இழுத்த விதம் தவறு என்றது காயில் தயாரித்த கம்பெனி. கருவிதான் பழுது என்றது மருத்துவமனை. பழுதான பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றது அப்போதிருந்த 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. பொருளோ அந்த அம்மாவின் தலைக்குள். காயிலை உள்ளே தள்ளிய, வெளியே மிஞ்சிய செலுத்துகம்பியைக் கம்பெனிப் பிரதிநிதி அன்றே சோதனைக்கு வாங்கிப்போனதாக, எங்கள் வினாப்பட்டியலுக்கான பதிலில் மருத்துவமனை ஒப்புக்கொண்டது. சோதனை அறிக்கை கடைசிவரை வரவில்லை. ஆட்டோக்காரர் என்னிடம் வந்ததே சிகிச்சை நடந்து ஐந்து மாதம் கழித்து. முதல் வாரமே வந்திருந்தால் அந்தச் செலுத்துகம்பியைப் பத்திரப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருப்பேன். அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

ஆவணத்தை மறைத்தது சேவைக் குறைபாடு என்று மாநில நுகர்வோர் ஆணையம் மருத்துவமனையை இழப்பீடு தரச் சொன்னது. உற்பத்திப் பழுது நிரூபிக்கப்படவில்லை என்று கம்பெனியை விடுவித்தது. உற்பத்தியாளர் பொறுப்புக்குத் தனி அத்தியாயம் கொண்ட 2019ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்குப் பிந்தி வந்தது.

உத்தரவு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "அந்தக் கம்பி இன்னும் அவ தலைக்குள்ளதானே சார் இருக்கு?"

ஆமாம் என்றேன்.