ஐம்பதுக்குப் பின் கறுப்பு பெல்ட்

ஐம்பது வயதில் கராத்தே வகுப்பில் சேரும் ஒருவர், சில ஆண்டுகள் ஒழுங்காகப் பயின்று கறுப்பு பெல்ட் தேர்வுக்கு வந்து நிற்கிறார். இருபது வயதுப் பையன் உதைக்கும் உயரத்துக்கு இவரும் உதைக்க வேண்டுமா, அவனுடைய வேகத்துக்கு ஈடுகொடுத்து ஸ்பாரிங் செய்ய வேண்டுமா என்ற சங்கடம் தேர்வு நடத்தும் ஆசிரியருக்கு வருகிறது. பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். இளைஞனுக்கு வைத்த அளவுகோலையே வைத்து அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் 'இந்த வயதில் இவ்வளவு செய்கிறாரே' என்று இரக்கப்பட்டு பெல்ட்டைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. தரத்தைக் குறைக்கக் கூடாது. ஆனால் அந்தத் தரத்தில் கலை எவ்வளவு, இளமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் கடமை ஆசிரியருக்கு இருக்கிறது.

கறுப்பு பெல்ட்டைக் குறிக்கும் டான் என்ற படிநிலையைத் தற்காப்புக் கலைக்குக் கொண்டுவந்தவர், ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. 1882இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய அவர், மறு ஆண்டே தம் மாணவர் இருவருக்கு முதல் டான் அளித்தார். கராத்தேவில் ஃபுனாகோஷி கிச்சின் அந்த முறையைக் கையாண்டது 1924இல். அப்போது அவரே ஐம்பதைத் தாண்டியவர். குறைந்த விசையில் நிறைந்த பயன் என்பது ஜூடோவுக்குக் கானோ வகுத்த அடிப்படை. எதிராளியின் சமநிலையை எப்போது, எந்தத் திசையில் குலைப்பது என்று அறிவதுதான் அங்கே திறமை. வயது ஏறும்போது உடல் முதலில் இழப்பது வெடித்தெழும் வேகத்தை. விரைந்து சுருங்கும் தசை நார்கள்தான் முதுமையில் அதிகம் மெலிகின்றன; மூச்சுத் திறனும் பத்தாண்டுக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் குறைகிறது. ஆனால் தூரத்தைக் கணிப்பது, எதிராளியின் அசைவை முன்கூட்டியே படிப்பது, பதற்றமில்லாமல் காத்திருப்பது ஆகியவை பயிற்சியால் வளர்பவை, அறுபதிலும் வளரக்கூடியவை. உதையின் உயரத்தை மட்டும் பார்க்கும் தேர்வு, இடுப்பு மூட்டுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அதைக் கலைக்குப் போட்டதாக எண்ணிக்கொள்கிறது.

வயதைக் கணக்கில் எடுத்தால் தரம் சரிந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் ஜப்பானின் வாள்கலையான கெண்டோவைக் கவனிக்க வேண்டும். அங்கே எட்டாம் டான் தேர்வுக்கு நிற்க ஏழாம் டான் பெற்றுப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். வயது 46 நிறைந்திருக்க வேண்டும். தேறுபவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். இத்தனை கடுமையான தேர்வில் யாரோடு யாரை மோதவிடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். தேர்வர்களை வயது வரிசைப்படி நிறுத்துகிறார்கள். எழுபது வயதுக்காரர் தம் வயதை ஒட்டியவரோடு மூங்கில் வாளை எடுக்கிறார். சலுகை எதிராளியைத் தேர்வதில் மட்டும்தான், தீர்ப்பில் இல்லை. குழந்தைகள் விஷயத்திலும் வயதைக் கணக்கில் எடுப்பதை நாம் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டான் தருவதில்லை, பூம் என்ற தனிப் படிநிலையைத் தருகிறது. ஜூடோவிலும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவிலும் மூத்தோர் போட்டிகள் முப்பது வயதிலேயே தொடங்கிவிடுகின்றன. போட்டி மேடையில் நியாயமாகத் தெரிவது பெல்ட் தேர்வில் மட்டும் எப்படி மோசடியாகும்?

தெருவில் தாக்க வருபவன் வயது கேட்டுவிட்டா தாக்குவான் என்று கேட்பார்கள். கேட்கமாட்டான்தான், எடையையும் கேட்கமாட்டான். ஆனாலும் ஐம்பது கிலோ எடையுள்ள இளைஞரின் கறுப்பு பெல்ட்டை, நூறு கிலோ முரடனை அவர் வீழ்த்துவாரா என்று கேட்டு யாரும் பிடுங்குவதில்லை. இந்த வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுசென்றால், இருபத்தைந்தில் பெல்ட் வாங்கியவர் அறுபதை எட்டியதும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவரை மூத்த ஆசிரியர் என்று வணங்கிவிட்டு, அதே அறுபதில் தேர்வுக்கு நிற்பவரை மட்டும் உடலை வைத்து மறுப்பது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது. விதிகளும் எப்போதும் திறமையைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. 1953இல் ஜூடோவில் ஐந்தாம் டான் பெற்ற கெய்கோ ஃபுகுடா, பெண்களுக்கு அதற்குமேல் இல்லை என்ற விதியால் 1972 வரை அங்கேயே நின்றுவிட்டார். 2011இல் தொண்ணூற்றெட்டு வயதில் அமெரிக்காவில் அவருக்குப் பத்தாம் டான் கிடைத்தது. அவர் பெயர் பெற்றது ஜூ-நோ-கட்டாவில்; கட்டா என்பது வகுத்து வைத்த அசைவுத் தொடர். தரையில் வீழ்த்தாமலே ஜூடோவின் நுட்பத்தை முழுதாகக் காட்டும் அந்தக் கட்டாவை வகுத்தவரும் கானோதான்.

இரக்க பெல்ட் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் தள்ளிவிடமாட்டேன். வருடக் கணக்கைப் பார்த்துத் தரப்படும் பெல்ட், வாங்கியவரையே கூனிக்குறுக வைக்கும். மற்றவர்கள் பேசாவிட்டாலும் அவருக்குத் தெரியும். அதனால் ஒன்றை விட்டுக்கொடுத்தால் இன்னொன்றில் கூடுதலாகக் கேட்க வேண்டும். தலை உயர உதை வேண்டாம். ஆனால் இடுப்பளவு உதை குறி தவறாமல், சமநிலை குலையாமல் இருக்க வேண்டும். இளைஞர்களோடு வரிசையாகப் பத்துச் சுற்று ஸ்பாரிங் வேண்டாம்; ஆனால் கட்டாவின் ஒவ்வொரு அசைவும் எதற்கு என்பதை எதிராளியை நிறுத்திச் செய்துகாட்ட வேண்டும். அடிபடாமல் விழத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வயதில் வேறெந்த நுட்பத்தைவிடவும் அதுவே அன்றாடம் உதவும். இவற்றைத் தேர்வன்று சொல்லாமல், வகுப்பில் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அவர் தேறவில்லை என்றால், இளைஞனிடம் சொல்வது போலவே அவரிடமும் 'இன்னும் ஆறு மாதம் பயிற்சி வேண்டும்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.