பதினெட்டுக் குழியும் பன்னிரண்டு குழியும்

அரியாலையில் எம் தந்தையார் விட்டுச் சென்ற காணிகள் பலவிடத்தும் சிறு துண்டுகளாகக் கிடக்கின்றன. சில தோட்டக்காணி, சில பனங்காணி, கடனீரேரிப் பக்கமாகச் சிறிது வயல். உரித்தாளர் மூவர், தமக்கையாரும் நாமும் ஊரில், தமையனார் ரொறன்ரோவில். உறுதிகளைப் படித்துப் பங்கு பிரிக்கும் கணக்கைக் கடதாசியிற் செய்து களைத்தபின், அதற்கெனக் கணினியில் ஒரு சிறு நிரல் எழுதத் துணிந்தோம். நிரலாக்கம் எமது காலத்தில் இந்துக் கல்லூரியிற் பாடமாய் இருந்ததன்று. ஆதலின் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைத் துணைக்கொண்டோம்.

அதன் திறமையைக் குறை கூறுவதற்கில்லை. நாம் ஒரு கிழமை முயன்றும் முடியாததை ஒரு நாழிகையில் முடித்துத் தந்தது. ஆனால் அன்றைய அமர்வு முடிந்து மறுநாள் புதிதாய்த் தொடங்கினால், நேற்று எம்முடன் பேசியது தான்தான் என்பதையே அது அறியாது. ஓர் அமர்வில் அது கண்முன் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதனைச் சூழற் சாளரம் என்பர். டோக்கன் என்னும் துணுக்குகளால் அளப்பர். தமிழெழுத்து ஆங்கிலத்தினும் மிகுதியான துணுக்குகளாய் உடைவதால், எம்போல்வார்க்கு அச்சாளரம் இன்னுஞ் சற்று ஒடுக்கமே. உரையாடல் நீண்டு சாளரம் நிரம்புமிடத்துப் பழைய பகுதியைச் சுருக்கி வைத்துக்கொண்டு மேலே செல்வனவும் உண்டு. சுருக்கும்போது எது விடுபட்டதென்பது பின்னரே தெரியவரும்.

எமக்கு நேர்ந்தது இது. யாழ்ப்பாணத்து உறுதிகளிற் காணும் பரப்பு ஒரே அளவினதன்று. வரகு விளையும் நிலத்துப் பரப்புக்கு 18 குழி. நெல் விளையும் நிலத்துப் பரப்புக்கு 12 குழி. முன்னது 16 சேர்ந்தால் ஓர் ஏக்கர். பின்னதாயின் 24 வேண்டும். முதனாள் இதனை விளக்கிச் சொன்னோம். உதவியாளரும் விளங்கிக்கொண்டு இரண்டு கணக்குமுறைகளைத் தனித்தனியே எழுதிற்று. பத்து நாட் கழித்துப் புதிய அமர்வொன்றில், நிரலைச் சற்று ஒழுங்குசெய்யுமாறு பணித்தோம். ஒரே பெயர்கொண்ட அலகுக்கு இரு கணக்கிருப்பதைக் கண்ட அது, ஒன்று பிழையென எண்ணி, இரண்டையும் 18 ஆக்கிவிட்டது. முதன்முறை வரும் எவருக்கும் அவ்வாறே தோன்றியிருக்கும். காரணத்தை எங்கும் எழுதிவைக்காத குற்றம் எம்முடையதே.

விளைந்த அட்டவணையைச் சரிபாராது தமையனாருக்கு அனுப்பியும் விட்டோம். 6 பரப்பு வயல் 72 குழியாக இருக்க, 108 என்று போயிற்று. ஒருவர்க்கு 24 குழி வரவேண்டிய இடத்தில் 36. அவர் அதனை நம்பி, தம் பங்கை எவருக்கு எழுதுவதென்று பிள்ளைகளுடன் பேசியுமிருந்தார். தாளைக் கண்ட தமக்கையார் மூக்குக்கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை. “உது வயலெல்லே, தம்பி. வயலுக்குப் பன்னிரண்டு குழிதானே” என்றார். தொலைபேசியில் அண்ணைக்கு அதனை விளக்கிய அரைமணி நேரம் எமக்கு இனிதாய் இருக்கவில்லை. கணக்கைத் திருத்துவது எளிது. நாம் வேண்டுமென்று கூட்டிக் காட்டினோமோ என்னும் ஐயத்தைத் திருத்துவது எளிதன்று.

எமது கல்லூரியிற் பயின்று அரசாங்க இலிகிதராய்க் கொழும்புக்கும் கண்டிக்கும் போனோர் அநேகர். மாற்றம் வந்தபோது, அடுத்து அந்நாற்காலியில் அமர்வோருக்குக் கையளிப்புக் குறிப்பு எழுதிவைத்தே அவர்கள் பெட்டி கட்டினர். கோவையில் இருப்பதை வருபவர் தாமே படித்துக்கொள்வார். கோவையில் இல்லாததையே குறிப்பிற் சொல்லவேண்டும். எம் தந்தையாரும் அவ்வுத்தியோகத்தரே. அவர் மகனாய் இருந்தும் இது எமக்குத் தோன்றாமற் போனது வியப்பே.

நிரலிருக்கும் கோப்புறையிலேயே ஒரு குறிப்பேட்டை வைத்தால், அமர்வு தொடங்கும்போது உதவியாளர் அதனைப் படித்துக்கொள்ளும். கிளாட் கோட் என்பதற்கு அது கிளாட்.எம்டி, வேறு பலவற்றிற்கு ஏஜென்ட்ஸ்.எம்டி. முதலில் நாம் தோம்பு, தேசவழமை, முதுசம், சீதனம் என்று எழுதித் தள்ளினோம். நீண்ட குறிப்பும் அச்சாளரத்தையே நிரப்புகின்றது. வேண்டிய வரி வேண்டாதவற்றுள் அமிழ்ந்துபோகின்றது. அரைப்பக்கமாக்கினோம். பின்னர், அமர்வு முடியுமுன் குறிப்பை உதவியாளரையே எழுதச் சொன்னோம். “அலகு மாற்றம் சீராக்கப்பட்டது” என்று எழுதிற்று. செய்ததைச் சொன்னதேயன்றி, ஏன் என்பதைச் சொல்லவில்லை. அவ்வரியை அடித்து, “பரப்பு இருவகை, 18, 12 இரண்டும் சரி, ஒன்றாக்கலாகாது” என நாமே எழுதினோம். 6 நெற்பரப்பு 72 குழியாக வராவிடின் நிரலே நின்றுவிடுமாறு ஒரு சோதனையும் சேர்த்தோம். குறிப்பைப் படித்தும் மீறுவதுண்டு. சோதனையைத் தாண்டுவது கடினம். தாமே நினைவு வைத்துக்கொள்ளும் வசதி சில உதவியாளர்களுக்கு உண்டு. ஆயினும் அவை எதனை நினைவிற் கொண்டன என்பதையும் இடையிடையே திறந்து பார்ப்பதே எமது வழக்கம்.

இக்குறிப்பு எழுதத் தொடங்கியபின் வேறொன்றும் தெரியவந்தது. 1995 இடப்பெயர்வில் எம் உறுதிகள் சில தொலைந்தன. அத்துண்டுகளின் எல்லையும் வழிவாய்க்காலும் தமக்கையாரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவருக்கு எண்பத்திரண்டு வயது. மாலைதோறும் திண்ணையில் அவர் சொல்ல நாம் எழுதுகின்றோம். அண்ணையும் இப்போது அட்டவணையைக் கேட்பதில்லை. குறிப்பையே அனுப்பச் சொல்லித் தமக்குத் தெரிந்ததைச் சேர்க்கின்றார்.

கீழ்த்துண்டுக் கிணற்றில் எமக்குள்ள பங்கு எத்தனை என்பதில் அவ்விருவரும் இன்னும் ஒருப்படவில்லை. அவ்விடத்தை வெறுமையாய் விட்டு, உதவியாளர் அதனைத் தானாக நிரப்பலாகாது என்று கீழே எழுதியிருக்கின்றோம்.